இணையம் என்ற மனிதர் கொடையாளியே!

நடுவர் அவர்களே, வணக்கம். இணையம் ஒரு மனிதராக இருந்தால் அவர் கொடையாளியா, வம்புக்காரரா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, அவர் வாயில் பொய்யும் வதந்தியும்தான் வருகிறது என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். சரி, ஒருவரின் குணத்தைச் சொல்வதற்கு முன் அவர் எப்படி வளர்க்கப்பட்டார் என்று பார்க்க வேண்டாமா?

அவர் பிறந்த கதையைக் கேளுங்கள்: 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள். இரண்டே எழுத்து போனது, அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. மறுபடி முயன்றார்கள், அன்று இரவே இணைப்பு கிடைத்துவிட்டது. இன்றைக்கும் அவர் சுபாவம் அதுதான். நீங்கள் அனுப்பும் படத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்துக் கொண்டுபோவார், வழியில் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசை குலையாமல் சேர்த்துக் கொடுப்பார். 1980-லேயே, இணையத்தை உருவாக்கிய அறிஞர்களில் ஒருவரான ஜான் போஸ்டெல் அவருக்கு விதி எழுதி வைத்தார்: நீ அனுப்புவதில் கவனமாக இரு, பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு. இப்படி வளர்ந்தவரையா வம்புக்காரர் என்கிறீர்கள்? 1993-இல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம், அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையை, அதாவது நாம் இணையத்தில் பக்கம் பக்கமாகத் திறந்து படிக்கும் அந்த அமைப்பை, ஒரு பைசா உரிமைத்தொகை கேட்காமல் உலகத்துக்கே கொடுத்தது.

வதந்தி பரவுகிறதே என்பீர்கள். பரவுகிறது, உயிர்களையே பலி வாங்கியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற புரளியால் 2018-இல் நம் நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்களே, அப்போது வாட்ஸ்அப் என்ன செய்தது? ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அந்தக் கடிவாளம் யாருக்கு? நம் விரலுக்கு! நம்மைக் கோபப்படுத்திக் காசு பார்க்கும் நிறுவனங்களும் அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அவர்களைக் கூண்டில் ஏற்றுங்கள், நானும் சாட்சி சொல்ல வருகிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இராத தமிழர்கள், வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி, கூலி வாங்காமல், பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நூலகமே இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளையும் இன்று சங்கப் பாடலைப் படிக்கலாம். அவர்களை ஒன்றுசேர்த்தவர் யார் நடுவரே? தீர்ப்பை அவரைக் கேட்டே சொல்லுங்கள்.