கண் ரோட்டில் இருக்கட்டும்

(காரைக்குடியில் பழைய கார் பிரியர்கள் கூடிய இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது கிளம்பலாம் என்று பின்வரிசையில் நிற்கிற தம்பிமார்களே, வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவனை மேடையேற்றினால் என்ன பேசுவான் என்று உங்களுக்குத் தெரியும். "அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா? இப்போது வருகிறதெல்லாம் தகரம்" என்பான். வாசலில் நிற்கிற வண்டிகளின் பானட்டைத் தட்டிப் பார்த்து நீங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், கேட்டேன். அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன். அந்தப் பேச்சு தப்பு.

2009-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்துகிற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, 1959-ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் ஒன்றையும், 2009-இல் வந்த ஷெவர்லே மாலிபு ஒன்றையும் எதிரெதிரே ஓடவிட்டு டிரைவர் பக்கமாக மோதவைத்தது. ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகம். பெல் ஏர் எப்படிப்பட்ட வண்டி தெரியுமா? கப்பல். கதவைச் சாத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மோதிய பிறகு அதில் டிரைவர் உட்காரும் இடமே இல்லை. ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் உள்ளே வந்து பொம்மையின் தலையையும் நெஞ்சையும் இடித்துவிட்டன. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் அடிபட்டிருக்கலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

புது வண்டியின் முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது என்று கிண்டல் செய்கிறோமே, அது நொறுங்குவதற்காகவே செய்யப்பட்டது. மோதலின் வேகத்தை முன்பக்கம் வாங்கிக்கொண்டு மடங்கும். ஆள் இருக்கிற கூடு அப்படியே நிற்கும். பழைய வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை, கூடே நசுங்கி அந்த அடி நேராக நம் நெஞ்சுக்கு வரும். பேரன் பேத்திகளோடு சென்னைக்குப் போவதென்றால் நான் மகனுடைய புது வண்டியில்தான் ஏறுவேன். என் பழைய வண்டி பிள்ளையார்பட்டிக்குப் போய்வர, ஊர்க் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்ற.

ஆச்சிமார்களுக்கு ஒன்று. பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். பட்டுப்புடவை கசங்கும் என்று சொல்லக் கூடாது. 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான். அது ஒன்றும் தகர வண்டி இல்லை.

சரி, இவர் புதுசுக்கு வக்காலத்து வாங்க வந்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. வண்டியில் இருக்கிற சாமான், ஓட்டுகிறவன் கண்ணை ரோட்டில் வைக்கிறதா, ரோட்டைவிட்டு எடுக்கிறதா? பழசையும் புதுசையும் இதில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

அம்பாசிடர் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கிளட்ச்சுக்குப் பக்கத்தில், தரையில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் இரும்புப் பொத்தான். இடது காலால் ஒரு மிதி மிதித்தால் டிம், இன்னொரு மிதி மிதித்தால் பிரைட். எதிரே லாரி வருகிறதா, கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், வேலையைக் கால் பார்த்துக்கொள்ளும். வைப்பருக்கு ஒரு குமிழ், லைட்டுக்கு ஒரு குமிழ். இருட்டிலும் தடவிப் பார்த்தே எது எது என்று தெரியும். அந்த வண்டி பிரேக்கிலும் மைலேஜிலும் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், இன்றைக்கு நல்ல நாள். 2014-இல் கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அதன் உற்பத்தியை நிறுத்தியபோது நான் அழவில்லை. ஆனால் அந்தப் பொத்தானைப் போட்டவன் வண்டி ஓட்டத் தெரிந்தவன்.

நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானட் முழுவதும் முன்னால் கவிழ்ந்துவிடும். மெக்கானிக் முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்ப்பார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இது என் அளவுகோலில் வராத விஷயம். இருந்தாலும் ஹெரால்டைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்க மனசு வரவில்லை.

இப்போது புது வண்டிக்கு வாருங்கள். நடுவில் பெரிய கண்ணாடித் திரை. ஏசியைக் குறைக்க வேண்டுமா, அதில் தொடு. காற்று காலுக்கு வர வேண்டுமா, அதில் இன்னொரு பக்கத்தைத் திற, பிறகு தொடு. வழவழவென்று இருக்கிற கண்ணாடியை விரல் எப்படித் தடவிக் கண்டுபிடிக்கும்? கண்தான் போக வேண்டும். எண்பதில் போகிற வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடும். இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர். நம் ஊர் வீட்டு முகப்பில் கண்ணை மூடிக்கொண்டு, வளவு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்தெரு வாசலில் கண் திறப்பது மாதிரி. குறுக்கே ஓர் ஆடு வந்தால் போச்சு.

இது கிழவன் புலம்பல் இல்லை. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பே 2026-இலிருந்து விதியை மாற்றிவிட்டது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு, இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண். குமிழைப் பிடுங்கி எறிந்தவர்கள் திரும்பக் கொண்டுவரத்தான் போகிறார்கள்.

திரை எல்லாமே கெட்டது என்றும் சொல்லமாட்டேன். ரிவர்ஸ் கேமரா தங்கம். நம் பின்தெருக்களில் நீளமான மதில், அதற்கு நடுவே ஒரு கார் ஷெட் கதவு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது குழந்தை நிற்பது கழுத்தைத் திருப்பினாலும் தெரியாது, திரையில் தெரிகிறது. இப்போது எல்லோரும் வாங்குகிற உயரமான வண்டிகளில் இந்தக் கேமரா இல்லாவிட்டால் கஷ்டம். முன்னாலும் அதே கதைதான். பானட் அவ்வளவு உயரம். ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பையன் நின்றால் தலை தெரியாது.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்கள் எண்பதைத் தாண்டினால் 'டிங்' என்று ஒரு குரல் கொடுக்கும், 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் கத்தும். பலருக்கு எரிச்சல். எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் ஆச்சி பக்கத்து சீட்டில் இருந்து செய்துவந்த வேலையை இப்போது இது செய்கிறது. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டை விட்டு வண்டி விலகினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிற வித்தைதான் நம் பக்கம் சரிப்படவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. இண்டிகேட்டர் போடாமல் விலகினால், வண்டி திரும்ப நெல் மேலேயே ஏறப் பார்க்கிறது.

கரண்ட் வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். தம்பி, காரைக்குடிக்காரன் பேட்டரி வண்டியைக் குறை சொல்லலாமா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த நம் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் மின்வேதியியல்தான் முழுநேர வேலை, பேட்டரி ஆராய்ச்சியும் அதில் சேர்த்தி. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைகிறது. டிரைவர் கவனமெல்லாம் ரோட்டுக்கே மிஞ்சுகிறது. என் அளவுகோலில் பாஸ். ஆனால் சத்தமில்லாமல் வருவதால் நடந்து போகிறவருக்குத் தெரியாது. தெருவுக்குள் நுழையும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

கடைசியாக, புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. ஷோரூமில் சீட்டில் உட்காருங்கள். சேல்ஸ்மேன் திரையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார், காட்டட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வைப்பர் எங்கே, அபாய விளக்கு எங்கே, ஏசி எங்கே என்று கையை நீட்டிப் பாருங்கள். கைக்கு அகப்படவில்லையென்றால், அவர் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போய்விடலாம்.

இப்போது இருட்டிவிட்டது. திருமயம் பக்கம், திருப்பத்தூர் பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முன்பெல்லாம் எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்போம். இப்போது வருகிற வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில், எதிரே டிவிஎஸ் ஃபிப்டியில் வருகிறவருக்குச் சில வினாடி ஒன்றுமே தெரியாது. டிம் போட்டுப் போங்கள். அதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பந்தி போட்டுவிட்டார்களாம்.