மணலைப் பிடித்து வைத்திருக்கும் புல்

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுப் பண்ணைகளைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் நான் புல்லில்தான் ஆரம்பிப்பேன். மாடு பின்னாலேயே வந்துவிடும்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி. ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணல்மேடுகள். அதிலே செர்ரி கவுண்டி என்ற ஒரே மாவட்டம் 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்; மக்களோ ஐயாயிரத்துச் சொச்சம்தான். மேடெல்லாம் மணல், மேலே போர்த்தியிருக்கிற புல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியிருப்பீர்களே, அதே சங்கதிதான். பெய்கிற மழை ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். அடியில் ஓகலாலா என்கிற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம். பள்ளங்களில் அந்தத் தண்ணீரே குளமாக எட்டிப் பார்க்கும்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. அந்தக் காலத்து மாட்டுக்காரர்களுக்கு இந்த மேடுகள் என்றாலே பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே போன மாடு செத்தது என்றே கணக்கு. எல்லையில் ஆள் போட்டுத் திருப்பிவிடுவார்கள். 1879இல் ஒரு பனிப்புயல். நியோப்ராரா ஆற்றோரம் இருந்த என்-பார் பண்ணையின் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே மேட்டுக்குள் போய்விட்டன. வேறு வழியில்லாமல் ஆட்கள் குதிரையில் தேடிப் போனார்கள். எலும்பைத்தான் பார்ப்போம் என்று நினைத்திருப்பார்கள். மாடுகள் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன! அதோடு, முந்தைய வருஷங்களில் வழிதவறிப் போனவையும், அங்கேயே பிறந்து வளர்ந்து, இன்னாருடையது என்று அடையாளச் சூடே படாதவையும் நின்றன. மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது, மனிதனுக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் 1904இல் கின்கெய்டு சட்டம் வந்தது. அங்கே குடியேறுகிற குடும்பத்துக்கு 640 ஏக்கர் இலவசம். நமக்கு அது ஜமீன் மாதிரி. அங்கே ஒரு மாட்டுக்கே பத்துப் பதினைந்து ஏக்கர் வேண்டும். பலர் ஏர் பூட்டி உழுதார்கள். முதலில் சொன்னேனே, மணலைப் பிடித்து வைத்திருப்பது புல்தான். அதன் வேரை அறுத்தால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், குழி விழும். நிலத்தைப் பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனவர்கள் ஏராளம். இன்றைக்கும் அப்படிக் குழி விழுந்தால், பழைய டயரையும் வைக்கோலையும் போட்டு மூடி, புல் பிடிக்கும்வரை மாட்டை அண்ட விடமாட்டார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். காற்றாலைகளை நிறைய சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே மாடு நின்றால் அங்கே புல் அழியும். அதனால் தள்ளித் தள்ளிக் காற்றாலை நட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். மரமில்லாத அந்த மேட்டில் 1902இல் அரசாங்கம் காடு வளர்க்கக் கிளம்பிய கதை இன்னொரு நாளைக்கு. வணக்கம்.