பாதை நடுவே ஓடும் தண்ணீர்: மலையக நடைபாதைச் சிரமதானம்

[காட்சி: மழை விட்ட தேயிலை மலை. ஒற்றையடிப் பாதையின் நடுவே செம்மண் தண்ணீர் ஓடுகிறது.]

குரல்: பாதைச் சிரமதானம் என்றதும் எல்லோருக்கும் முதலில் கை போவது கத்திக்குத்தான். புல்லை வெட்டினால் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பாதையை அரிப்பது தண்ணீர். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி பழைய தோட்டத்து வழிகள். அங்கே மம்பட்டி போடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நக்கிள்ஸ் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், ஹோட்டன் சமவெளி என்றால் வனசீவராசிகள் திணைக்களம்.

எப்போது போவது? ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன். ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முன். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

[காட்சி: ஒரு கை, போத்தல் தண்ணீரைப் பாதையின் மேல்விளிம்பில் ஊற்றுகிறது.]

குரல்: ஒரு லீற்றர் போதும். தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து பள்ளத்துப் பக்கம் இறங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாதை நீளத்துக்கு ஓடினால் வெளிவிளிம்பைப் பாருங்கள். கால் பட்டுப் பட்டு நடு தாழ்ந்திருக்கும். ஓரத்தில் ஒரு வரப்பு எழும்பியிருக்கும். பாதை வாய்க்காலாகிவிட்டது என்று அர்த்தம். வரப்பை மம்பட்டியால் வெட்டி எடுங்கள். வேரும் சருகும் கலந்த மண்ணை நடுவில் போடக் கூடாது, அது ஒரே மழையில் சேறாகும். வெறும் மண்ணை மட்டும் போட்டு மிதித்து இறுக்குங்கள். ஒரு மீற்றர் அகலப் பாதை வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றர் சரிந்தால் சரி. அதற்கு மேல் சரித்தால் ஈரத்தில் கால் வழுக்கும்.

[காட்சி: பாதையின் குறுக்கே நேராகப் போட்ட மரக்கட்டை. பின்னால் வண்டல்.]

குரல்: இந்தத் தவறை எங்கும் பார்க்கலாம். கட்டையைப் பாதைக்கு நேர்க்குறுக்காகப் போட்டால் தண்ணீர் அங்கே நின்று வண்டலை இறக்கும். அடுத்த மழையில் கட்டைக்கு மேலால் பாயும். 45 பாகை சாய்வாகப் போட்டால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வெளியேறும். கட்டையைவிடக் கல் நல்லது, எங்கள் ஈரத்தில் மரம் சீக்கிரம் உளுத்துப் போகும். ஏற்றம் மெதுவான இடத்தில் இரண்டுமே வேண்டாம்: 3 மீற்றர் நீளத்துக்கு ஆழமில்லாத ஒரு குழிவு, அதன் கீழ்ப்பக்கம் மிதித்து இறுக்கிய மண்மேடு. நடக்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது.

தண்ணீரை எங்கே விடுகிறோம் என்பதும் முக்கியம். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மேலே விடவே கூடாது. தேயிலைக்குள் இருக்கும் கானிலும் கேட்காமல் விடக் கூடாது. அந்தக் கான்கள் அந்த மலையின் தண்ணீருக்கு அளந்து வெட்டியவை.

[காட்சி: அலவாங்கால் கல்லை நெம்பி இறக்குகிறார்கள்.]

குரல்: செங்குத்தான இடத்துக்குத்தான் படி. கீழிருந்து மேலாகக் கட்டுங்கள். உயரம் 15 முதல் 20 சென்ரிமீற்றர். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் பிடுங்கி மறுபடி வையுங்கள். படி உயரமானால் கொழுந்து மூட்டையோடு வருகிறவர் பக்கத்து மண்ணில் இறங்கி நடப்பார். அங்கே புதுப் பள்ளம் விழும். தேயிலை மலையின் கல்லுக்கட்டிலிருந்து ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள். மேலே மண்ணைப் பிடித்திருப்பதே அதுதான்.

இனிப் புல். வேரோடு சுரண்டவும் வேண்டாம், களைக்கொல்லி மருந்தும் வேண்டாம்; வேர் போனால் மண்ணும் போகும். ஒரு சாண் உயரத்துக்கு விட்டு வெட்டுங்கள். வெட்டிய குப்பை தண்ணீர் போகும் வாயை அடைக்கக் கூடாது.

கத்தி வீசுமுன் கிளைகளையும் பாறை இடுக்குகளையும் அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூடு கண்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. ஆளுக்கு ஆள் 3 மீற்றர் இடைவெளி. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். அவசரம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ்.

[காட்சி: குடையோடு ஒருவர் குழிவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.]

குரல்: முதல் பெருமழையில் ஒருவராவது போய்ப் பார்க்க வேண்டும். குழிவின் வாயில் வண்டல் பாதிக்கு மேல் நின்றால் வாய் ஒடுக்கம். இரண்டு மம்பட்டி அகலத்துக்கு வெட்டிவிடுங்கள்.