'ஆபத்தான சின்ன ஊர்' பட்டியலை நம்பி வீடு வாங்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் வீடு தேடும் நம் ஆட்கள் பலர், 'ஆபத்தான சின்ன ஊர்கள்' மாதிரி ஏதாவது ஒரு பட்டியலை அனுப்பி, "இந்த ஊருக்குப் போகலாமா?" என்று கேட்கிறீர்கள். பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் கணக்கைப் பார்ப்போம்.

குற்ற விகிதம் என்றால் லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்பது. 2,000 பேர் உள்ள ஊரில் ஒரே ஒரு கொலை நடந்தால் அந்த வருஷ விகிதம் 50. பெரிய நகரங்களே அந்த எண்ணைப் பார்த்து மிரளும். அடுத்த வருஷம் பூஜ்யம். ஊர் என்னவோ அதே ஊர்தான்.

லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் வெர்னன் என்று ஒரு ஊர். முழுக்கத் தொழிற்சாலை, கிடங்கு. 2020 சென்சஸில் குடியிருப்பவர்கள் 222 பேர். பகலில் வேலைக்கு வருவதோ பல ஆயிரம் பேர். அங்கே ஒரு லாரி திருடு போனாலும் 222-ஆல்தான் வகுப்பார்கள். லட்சத்துக்கு 450 வந்துவிடும்! இதை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று எஃப்பிஐயே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?

சரி, போலீஸ் செலவு? அதிலும் இதே குழப்பம். கலிஃபோர்னியாவின் லேக்வுட் 1954-இலிருந்து சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல், கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபிடம், அதாவது அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவரிடம், ஒப்பந்தம் போட்டிருக்கிறது. சொந்தப் போலீஸ் வைத்திருக்கும் ஊரில் பென்ஷனும் இன்ஷூரன்ஸும் பட்ஜெட்டில் வேறு தலைப்பில் ஒளிந்திருக்கலாம். இரண்டையும் 'தலைக்கு இத்தனை டாலர்' என்று ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

ஒரேகனின் ஜோசஃபைன் கவுண்டியில் மரவெட்டு வருமானம் குறைந்ததற்கு ஈடாக வந்த மத்திய அரசுப் பணம் நின்றது. 2012-இல் புது வரியையும் மக்கள் ஓட்டுப்போட்டு நிராகரித்தார்கள். ஷெரிஃப் ஆட்களைக் குறைத்தார். இப்படிப்பட்ட இடத்தில் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று ஜனங்கள் சும்மா இருந்துவிட்டால், தாளில் குற்றம் குறைந்துதான் தெரியும்.

என்னைக் கேட்டால், செலவைவிட வரவைத்தான் பார்க்க வேண்டும். மிசௌரியின் ஃபெர்குசன் பற்றி 2015-இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். 132.6 லட்சம் டாலர் பொது வருவாயில் 30.9 லட்சம் அபராதத்திலும் கட்டணத்திலும் வரும் என்று அந்த ஊர் பட்ஜெட் போட்டிருந்தது. அங்கே அப்போது போலீஸ் ஒரு வசூல் இலாகா. அதில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

உங்கள் ஊரின் பட்ஜெட் அநேகமாக ஊர் இணையதளத்திலேயே இருக்கும். திறந்ததும் அபராத வருமானம் எவ்வளவு என்று தேடுங்கள். அப்புறம் ஐந்து வருஷக் குற்ற எண்ணிக்கையை, விகிதத்தை அல்ல, எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள்.