சொன்னவர் அம்மா, எழுதியவர் தங்கை

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் வாசகர் வட்டத்து நண்பர்கள் முதலில் கேட்டார்கள். கல்லூரி விடுதிக்கு வந்த அம்மாக்களின் கடிதங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் தலைப்பை மாற்றி வாங்கினேன். தலைவர்களின் கடிதங்களைப் பேச ஆள் இருக்கிறது. 1928 கோடையில் முசூரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு நேரு எழுதியவை நூலாகி உலகமெங்கும் போயின. அண்ணா தம்பிக்கு எழுதியவை தொகுதி தொகுதியாகக் கிடைக்கின்றன. மகன் தாய்க்கு எழுதுவதாக அமைத்து மு.வ. ‘அன்னைக்கு’ என்றே ஒரு நூல் தந்தார். தகப்பன் மகளுக்கு எழுதியது இருக்கிறது, அண்ணன் தம்பிக்கு எழுதியது இருக்கிறது, மகன் தாய்க்கு எழுதியதும் இருக்கிறது. தாய் மகனுக்கு எழுதியது எந்த அலமாரியில் இருக்கிறது? விடுதி வாசலில் தபால்காரர் அவிழ்த்த கட்டில் பாதிக்கு மேல் அவைதான் இருந்தன. இன்று நூலகத்தில் ஒன்று கூட இல்லை.

அம்மாவின் கடிதம் என்றதும் நாம் பாசம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அது போதாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவாவதற்கு அந்த வீட்டில் யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. மறைத்து எழுதிய கணக்கு அது. அதனால் கவனமாகப் படிக்க வேண்டும்.

என் ஊர் மன்னார்குடிப் பக்கம். எழுபதுகளின் பிற்பாதியில் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்களுக்கு வந்ததெல்லாம் நீல நிற இன்லண்ட் கடிதம். 1950இல் அஞ்சல் துறை கொண்டு வந்தது. தாளே உறையாக மடியும். உள்ளே வேறு எதையும் வைக்கக்கூடாது என்பது விதி. எங்கள் அம்மாக்களுக்கு அந்த விதி செல்லாது. மடிப்பைப் பிரித்தால் கோயில் விபூதி கொட்டும். தேர்வு மாதங்களில் குங்குமமும் சேர்ந்து வரும். அஞ்சலகத்தில் அதைக் கண்டுபிடித்துக் கூடுதல் கட்டணம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்காக அந்த ஊழியர்களுக்கு இந்த மேடையிலிருந்தே நன்றி சொல்கிறேன்.

கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி. ‘இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல்’ என்று ஒரு வரி. பிறகு ‘நிற்க’. அந்த ‘நிற்க’வுக்குப் பிறகுதான் ஊர் வரும். மேட்டூர் திறந்தது, பாமணியாற்றில் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் விட்டாயிற்று, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டது, சங்கத்தில் உரம் இன்னும் வரவில்லை. ஜூன் 12ஆம் தேதி அணை திறந்தால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வந்து சேர்ந்தது என்று அரசுப் பதிவேட்டில் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் எந்த வயலுக்கு ஏறியது, எதற்கு ஏறவில்லை, அதனால் அந்த வருடம் யார் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போனது என்பதற்கு எங்கள் அம்மாக்களின் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். டெல்டா விவசாயத்தின் வரலாற்றை எழுத வருகிற ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஆவணத்தை நான் காட்ட முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அம்மாவின் கடிதம், அம்மாவின் கடிதம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்களில் பெரும்பாலோரின் அம்மாக்களுக்கு எழுதத் தெரியாது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேர். கிராமத்தில், நாற்பது வயதைக் கடந்த பெண்களில் அது இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் அந்தக் கடிதங்களை எழுதியது யார்? சில வீடுகளில் பள்ளிக்கூடத்து வாத்தியார். வாத்தியார் எழுதினால் அம்மா ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம்’ என்று மகனுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவார். சில வீடுகளில் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து எழுதி, அவரே எடுத்துக்கொண்டும் போவார். பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதினால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும், அவன் விளையாடப் போக வேண்டும். ஆனால் மிகப் பல வீடுகளில் எழுதியது மகள். அண்ணன் கல்லூரிக்குப் போவதற்காக எட்டாவதோடு நிறுத்தப்பட்ட மகள்.

என் வீட்டிலும் தங்கைதான் எழுதினாள். என்னைவிட நன்றாகப் படித்தவள். அவளுடைய கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இருவரையும் படிக்க வைக்க முடியாது என்று வீட்டில் முடிவானபோது யாரை நிறுத்துவது என்ற விவாதமே நடக்கவில்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் நடக்கவில்லை. அவள் கற்ற எழுத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே வேலை எனக்குக் கடிதம் எழுதுவதுதான்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு அருகே புயல் கரையைக் கடந்தது. டெல்டா கிராமங்களில் வீடுகள் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே புயலின் மழையில் திருச்சி நகருக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. விடுதியில் இருந்த டெல்டாப் பையன்கள் எல்லோரும் தபாலுக்காகக் காத்துக் கிடந்தோம். பாதை சீராகிக் கடிதம் வந்தபோது அதில் இருந்தது இதுதான்: ‘புயல் அடித்தது. நமக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை கொஞ்சம் பிய்ந்தது, அப்பா வேய்ந்துவிடுவார். இந்தப் பக்கம் வண்டி சரியில்லை, நீ புறப்பட்டு வர வேண்டாம். பரீட்சையைப் பார்த்துக்கொள்.’ தாளின் ஓரத்தில், பசை தடவி மடிக்கிற இடத்தில், பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள்: ‘அண்ணே, கூரை முழுவதும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். பசு இல்லை. அம்மா சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். இதை நானாக எழுதுகிறேன்.’

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. அந்த ஒரு தாளில் மறைப்பதற்கு ஒருவரும் உண்மையைச் சொல்வதற்கு ஒருவருமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். இருவருமே செய்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் நான் முதலில் ஓரத்தைத்தான் படித்தேன். தோடு அடகுக்குப் போனதும், அப்பாவுக்குக் காய்ச்சல் விடாமல் இருந்ததும் ஓரத்தில்தான் எனக்குத் தெரிந்தன.

மறைத்து எழுதுவது ஏழை வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தாயார் புத்லிபாய் காலமானார். அயல்நாட்டில் தனியாக இருப்பவனுக்கு அந்த அடி வேண்டாம் என்று தமையனார் செய்தியை எழுதவில்லை. 1891இல் பாரிஸ்டராகிப் பம்பாயில் வந்து இறங்கிய பிறகுதான் காந்திக்குத் தெரிந்தது. எந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாரோ அந்தத் தாய் இல்லை என்பதே தெரியாமல் அவர் நாள்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்ற எண்ணம் அவ்வளவு வலியது.

மறைப்பதற்கு வேறொரு முகமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், தாய் என்றால் தெய்வம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குப் போன கடிதங்களை நினைத்துப் பாருங்கள். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறினார். அடுத்த சில மாதங்களில் உலகப் போர் தொடங்கிவிட்டது, தபால் போய்ச் சேருவதே பெரும்பாடு. வீட்டில் தாய் கோமளத்தம்மாள், இளம் மனைவி ஜானகி. கணவருக்குத் தான் எழுதியவை மாமியாரின் கையைத் தாண்டவில்லை என்றும், கணவர் எழுதியவை தனக்கு வரவில்லை என்றும் ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னார். அங்கே நோயில் கிடந்தவருக்கு மனைவி ஏன் எழுதவில்லை என்பது விளங்கவில்லை. மகனுக்காக அவ்வளவு பாடுபட்ட தாய்தான் இதையும் செய்தார். யார் கையில் தபால் இருந்ததோ அவர் கையில் வீடு இருந்தது. 1913 ஜனவரி 16ஆம் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை உலகம் வரிவரியாகப் படித்துவிட்டது. கும்பகோணத்தில் தடுக்கப்பட்ட கடிதங்களை இனி யாரும் படிக்க முடியாது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

மணியார்டரையும் சொல்ல வேண்டும். மணியார்டர் படிவத்தின் அடியில் அனுப்புபவர் செய்தி எழுத ஒரு சிறு துண்டு இருக்கும். தபால்காரர் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் கிழித்துத் தருவார். ‘மெஸ்ஸுக்கு இது. மீதி நெல் போட்டதும். உடம்பைப் பார்த்துக்கொள்.’ அவ்வளவுதான் இடம். மெஸ் பாக்கிக்காகப் பலகையில் பெயர் எழுதப்பட்டவர்களுக்கு அந்தத் துண்டின் அருமை தெரியும். 1880இல் தொடங்கிய அந்தச் சேவை 2015இல் நிறுத்தப்பட்டது. இன்று பணம் நொடியில் போய்ச் சேருகிறது, நல்லதுதான். நெல் எப்போது போடுவார்கள் என்பது மட்டும் அதோடு போவதில்லை.

பிற்பாடு நான் புதுக்கோட்டையில் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலைக்குப் போகிற பெண்களும் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதப் பழகினார்கள், பகலில் சைக்கிள் பழகினார்கள். அந்த மாதங்களில் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தபால் அட்டையைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். ஒவ்வோர் எழுத்தும் கட்டை விரல் நகம் அளவு. அட்டை முழுவதற்கும் நான்கு வரிதான் பிடித்தது: ‘தம்பி நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. ஆடு இரண்டு விற்றேன். சாப்பிடு.’ வகுப்பில் அதை வாசித்துக் காட்டலாமா என்று கேட்டேன். அவனே எழுந்து வாசித்தான். ஆடு விற்றதை அந்தத் தாய் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொருவர் கையால் எழுதும்போது எழுதுகிறவருக்குத் தெரியக்கூடாதது என்று எவ்வளவோ உண்டு. ஆட்டை விற்றது ஊருக்குத் தெரியக்கூடாது. கணவர் குடிப்பது வாத்தியாருக்குத் தெரியக்கூடாது. தன் கைக்கு எழுத்து வந்ததும் அந்தத் தாய் மகனிடம் நேராகப் பேசிவிட்டார்.

என் மாணவர்களின் பிள்ளைகள் இன்று விடுதியில் இருக்கிறார்கள். அம்மா நாளுக்கு இரண்டு தடவை அழைக்கிறார், முகத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1977இல் எங்களுக்கு அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எவ்வளவு தவிப்பு மிச்சமாகியிருக்கும். என் கவலையெல்லாம் பரண் மேல் இருக்கிற பழைய தகரப் பெட்டிகளைப் பற்றித்தான். வீடு மாற்றும்போது அவை பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் பிறர் எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்த மனம் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிலருக்காவது வர வேண்டும். இந்த நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கித் தருவதாக நூலகர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கொண்டு வருகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடங்களில் அது எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். விபூதிக் கறை, மஞ்சள் கறை எதையும் துடைக்க வேண்டாம். தர மனமில்லாதவர்கள் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திரும்பக் கொண்டு போகலாம். கடன், நோய், குடும்பச் சண்டை எல்லாம் அவற்றில் இருக்கும். ஆகவே அம்மா இருந்தால் அவரிடமும், எழுதிக் கொடுத்தவர் இருந்தால் அவரிடமும் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு கொண்டு வாருங்கள். என் தங்கையிடம் நான் கேட்டேன். ஓரத்தில் எழுதியதையும் சேர்த்துக் கொடு என்று சொல்லிவிட்டாள்.

பட்டியல் அட்டையில் ‘எழுதியவர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரித்து, சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று நூலகரிடம் கேட்டிருக்கிறேன். எழுதியவர் எந்த வகுப்போடு பள்ளியை விட்டார் என்பதற்கும் அந்த அட்டையில் ஒரு வரி விட வேண்டும். வணக்கம்.