வெள்ளைப் பாதம்: செ ரி பாக்கைப் பார்த்து கோல்ஃப் மட்டை பிடித்த பிள்ளைகள்

[காட்சி: குளத்துக் கரைச் சரிவு. நீளமா வளர்ந்த புல்லுக்குள்ள ஒரு கோல்ஃப் பந்து.]

1998 ஜூலை. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், கோலர்ங்கிற ஊர், பிளாக்வுல்ஃப் ரன் மைதானம். பெண்கள் யு.எஸ். ஓப்பன் நாலு நாள் ஆடியும் முடிவு வரலை. தென் கொரியாவோட செ ரி பாக்கும், காலேஜ்ல படிச்சுட்டிருந்த அமெச்சூர் ஜென்னி சுவாசிரிபோர்னும் சமநிலை. ரெண்டு பேருக்கும் வயசு 20. அன்னைக்கு இருந்த விதிப்படி, திங்கட்கிழமை வந்து இன்னும் 18 ஹோல், அதாவது 18 குழி, ஆடணும்.

அதுலயும் கடைசி ஹோல் வரைக்கும் சமம்தான். அங்க பாக் அடிச்ச டிரைவ், அதாவது முதல் அடி, இடது பக்கம் ஓடி, தண்ணி ஓரத்துப் புல்லுல மாட்டிக்கிச்சு. ஒரு அடி அபராதம் வாங்கிட்டு பந்தை வெளியே எடுத்திருக்கலாம். பாக் ஷூவைக் கழட்டினாங்க. சாக்ஸைக் கழட்டினாங்க. தண்ணிக்குள்ள இறங்கினாங்க.

[காட்சி: கால்கள் மட்டும், நெருக்கத்தில். சில விநாடி அமைதி.]

இங்கதான் கவனிக்கணும். வெயில்ல கறுத்த கால். கணுக்காலுக்குக் கீழே மட்டும் பாதம் வெள்ளை வெளேர்னு இருந்தது. சாக்ஸ் போட்ட இடத்துல வெயிலே படலை. எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம் பயிற்சின்னு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த ஷாட் அப்படி ஒண்ணும் அற்புதம் இல்லைங்க. பந்து புல்லை விட்டு வெளியே வந்தது, அவ்வளவுதான். அந்த ஹோல்ல பாக் எடுத்தது போகி, அதாவது கணக்குக்கு ஒரு அடி கூடுதல். ஜென்னிக்கும் போகி. திரும்பவும் சமம்! அதுக்கப்புறம் ரெண்டு ஹோல் ஆடி, மொத்தம் 92-ஆவது ஹோல்ல பேர்டி, அதாவது கணக்குக்கு ஒரு அடி குறைவா, போட்டு பாக் ஜெயிச்சாங்க. ஜெயிச்ச அந்தக் கடைசி அடியைவிட தண்ணிக்குள்ள நின்ன காலைத்தான் கொரியாவுல இன்னைக்கும் பேசுறாங்க.

காரணம், அந்த வருஷம் அப்படி. 1997 கடைசியில நாடு ஐ.எம்.எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியத்துக்கிட்ட கடனுக்குப் போய் நின்னது. கம்பெனிகள் மூடின, வேலை போச்சு. கடனை அடைக்க ஜனங்க கல்யாண மோதிரத்தையும் குழந்தையோட மோதிரத்தையும் கொண்டு வந்து கொடுத்தாங்க. தாலிக்கொடியை அடகு வைக்கிற வலி தெரிஞ்ச நமக்கு இதை விளக்க வேண்டாம். அந்த நேரத்துலதான் ராத்திரி பூரா டிவி முன்னாடி உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தாங்க.

ஒரு வீட்டுல அப்பா அம்மா போட்ட சத்தத்துல ஒரு பொண்ணு முழிச்சுக்கிட்டா. பேர் இன்பீ பாக். பத்து வயசு முடிய இன்னும் சில நாள் இருந்தது. அதே வாரத்துல கையில கோல்ஃப் மட்டை. சரியா பத்து வருஷம் கழிச்சு, 2008-ல, 19 வயசுல அதே யு.எஸ். ஓப்பனை ஜெயிச்சா. செ ரி பாக் வச்சிருந்த 'மிக இளைய சாம்பியன்' சாதனையும் அதோட போச்சு.

[காட்சி: சின்னப் பிள்ளைகள் வரிசையா நின்னு பந்தை அடிக்கிறாங்க.]

இந்தத் தலைமுறைக்கே 'செ ரி கிட்ஸ்'னு பேர். 1998-ல எல்.பி.ஜி.ஏ.வுக்கு, அதாவது அமெரிக்காவோட பெண்கள் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடருக்கு, போனப்ப பாக் கிட்டத்தட்ட தனி ஆள். 2008-ல அங்க 45 கொரியப் பெண்கள். ஆங்கிலம் பேசத் தெரியலைன்னா சஸ்பெண்ட் பண்ணுவோம்னு அந்த வருஷம் எல்.பி.ஜி.ஏ. ஒரு விதி கொண்டு வரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே வாபஸ் வாங்கிச்சு. பொண்ணுங்க அவ்வளவு ஜெயிச்சா அப்படித்தான், என்ன செய்ய! 2008-லேர்ந்து 2020 வரைக்கும் நடந்த 13 யு.எஸ். ஓப்பன்ல 9 கொரியாவுக்கு.

டிவியில ஒருத்தரைப் பார்த்ததால மட்டும் இது நடக்கலை. ஊருக்கு ஊர் வலை கட்டின பயிற்சி மைதானம், வேலையை விட்டுட்டு மகளோட பையைத் தூக்கின அப்பாக்கள், எல்லாம் சேர்ந்தது. இதுக்கு விலையும் உண்டு. அதே 1998-ல ஊர் திரும்பின பாக், ஓய்வே இல்லாத களைப்புல ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வந்தது.

2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல இன்பீ தங்கம் வாங்கினப்ப, அணியோட கோச் செ ரி பாக்தான்.

எனக்குப் பிடிச்சது வேற ஒரு காட்சி. 2012-ல யு.எஸ். ஓப்பன் திரும்பவும் பிளாக்வுல்ஃப் ரன்னுக்கே வந்தது. 1998-ல பத்து வயசுப் பிள்ளையா இருந்த நா யோன் சோய் முன்னணியில. கடைசி நாள் பத்தாவது ஹோல்ல மூணு அடியைக் கோட்டை விட்டு, அடுத்த ஹோல்லயே பேர்டி போட்டு மீண்டு, நாலு அடி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. கடைசிக் குழியைச் சுத்தின புல்தரை ஓரத்துல ஷாம்பெய்ன் பாட்டிலோட காத்துக்கிட்டிருந்தவங்கள்ல செ ரி பாக்கும் ஒருத்தர்.