விழுந்த காரணம் தெரிகிற விளையாட்டு

நடுவர் ஐயாவுக்கும், பொங்கல் நாளில் மும்பை மாட்டுங்கா வரை வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ‘துல்லியமாகத் தாவித் தாவி ஆடும் கடினமான வீடியோ கேம்கள் மனதுக்குத் தருவது உற்சாகமா, எரிச்சலா?’ என்பது தலைப்பு. உற்சாகமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், ஒரே இடத்தில் இருநூறு தடவை செத்துச் செத்துப் பிழைப்பது விளையாட்டே இல்லை, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற தண்டனை என்றார். அவர் மகன் கோபத்தில் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசியதையும் சொன்னார். அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன் ஐயா. எனக்கும் வரும், காதெல்லாம் சூடாகும், பல்லைக் கடிப்பேன். ஆனால் வீசிய பையன் அப்புறம் என்ன செய்தான் என்று அண்ணன் சொல்லவே இல்லையே! எழுந்து போய் அதை எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்திருப்பான். ஏன் உட்கார்ந்தான் என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

1981இல் வந்த டாங்கி காங் மாதிரியான ஆட்டங்கள் கடைகளில் காசு போட்டு ஆடுகிற பெட்டிகளில் இருந்தவை. மூன்று உயிர் போனால் இன்னொரு காசு போட வேண்டும். அங்கே நீங்கள் சாவதுதான் பெட்டிக்காரருக்கு வருமானம். 1985இல் வீட்டு டிவிக்கு வந்த சூப்பர் மாரியோவிலும் உயிரெல்லாம் தீர்ந்தால் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். அண்ணன் சொல்கிற தண்டனை அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 2010இல் வந்த சூப்பர் மீட் பாயும் 2018இல் வந்த செலஸ்டியும் அந்தத் தண்டனையைத்தான் எடுத்துப் போட்டன. முக்கியக் கட்டங்களில் உயிர்க்கணக்கே கிடையாது. முள்ளில் விழுந்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள், இழந்தது அதிகம் போனால் பத்து இருபது நொடி. இடம் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் தோற்றதற்கு அபராதம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எதிரணி பேசுகிறது.

செலஸ்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் விழுந்தது அதில்தான். மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் முதலில் நாலே நாளில் செய்த ஒரு குட்டி ஆட்டம் அது, பிறகுதான் பெரிதாக வளர்த்தார்கள். மேடலின் என்ற பெண் மலை ஏறுகிறாள். அவளுக்குத் தெரிந்தது மூன்றே வித்தை: தாவல், சுவரைப் பிடித்தல், காற்றில் ஒரு பாய்ச்சல். பாய்ச்சல் கையில் இருக்கும்போது முடி சிவப்பு, தீர்ந்தால் நீலம்.

எங்கள் வீடு செம்பூரில் ஒற்றை அறையும் சமையலறையும்தான், அதனால் நான் எதை ஆடினாலும் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, வீடியோ கேமைத் தொட்டதே கிடையாது. மூன்றாம் நாளே கீரை ஆய்ந்துகொண்டே, “ஏட்டி, முடி நீலமாயிட்டுல்லா, இப்பம் பாயாத” என்றாள். அடுத்த வாரம், மேடலின் சுவரைப் பிடித்தபடி சிவப்பாக மினுங்கியபோது, “அவளுக்குக் கை ஓஞ்சு போச்சு, விடச் சொல்லு” என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, திரையில் ஒரு வரி விளக்கம் கூட அவளால் படிக்க முடியாது. நான் விழுந்ததைப் பார்த்துப் பார்த்தே விதியெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது!

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். எரிச்சல் வருவது தோற்பதால் இல்லை, ஏன் தோற்றோம் என்று தெரியாததால்தான் வருகிறது. இந்த ஊரில் நமக்கு அது பழகிப்போன ஒன்று. இன்டர்வியூ போய் வந்தால் ‘பிறகு சொல்கிறோம்’ என்பார்கள், அந்தப் பிறகு வராது. வாடகை வீடு பார்க்கப் போவோம், முகத்தைப் பார்த்து, ஊரைக் கேட்டு, வீடு கொடுத்தாகிவிட்டது என்பார்கள், அடுத்த வாரமும் வாசலில் அதே அட்டை தொங்கும். எங்கே தவறினோம் என்று யோசித்து யோசித்தே ராத்திரி போய்விடும். செலஸ்டியில் விழுந்தால் எனக்குக் காரணம் தெரியும். பாய்ச்சலைச் சீக்கிரம் அழுத்திவிட்டேன். இல்லை, மேல் பக்கமும் வலது பக்கமும் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் வலதை மட்டும் அழுத்தினேன். அடுத்த நொடியிலேயே திருத்திப் பார்க்கலாம். 143 தடவை விழுந்த ஒரு திரையில் என் இடது கட்டைவிரல் தேய்ந்து சிவந்தது உண்மைதான், ஆனால் அந்த 143இல் எதுவுமே வீணாகத் தோன்றவில்லை. எழுபதாவது தடவைக்குள் முதல் பாதியைக் கை தானாகவே ஆடியது, நான் வாயால் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொடூரமாகச் செய்திருக்கிறார்கள் என்றாரே அண்ணன், அதற்கு வருகிறேன். செலஸ்டியில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஏறக்குறைய 0.1 நொடி வரை தாவ விடுவார்கள். கயோட்டி டைம் என்று பெயர், மலை விளிம்பைத் தாண்டி ஓடியும் உடனே விழாமல் அந்தரத்தில் நிற்குமே கயோட்டி என்கிற கார்ட்டூன் ஓநாய், அதை வைத்து வந்த பெயர். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கால் பட்டதும் தாவும். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் ஓரமாக நகர்த்தி மேலே அனுப்பும். ஆடுகிறவருக்கு இதெதுவும் தெரியாது, நான்தான் தாவினேன் என்று நினைப்பார். கொடுமை செய்ய நினைப்பவர் உட்கார்ந்து நொடியில் பத்தில் ஒரு பங்கை நமக்காக ஒதுக்கி வைப்பாரா ஐயா? சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடிக்காத மாதிரி பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி வருவார்களே, அப்படித்தான் இதுவும். அதுவும் போதாது என்கிறவர்களுக்கு உதவி முறை இருக்கிறது. வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், கை ஓயாமல் பிடிக்கலாம், சாகவே சாகாமல் கூட ஆடலாம். விரல் சரியாக மடங்காதவர் கூட மலை உச்சியைப் பார்க்க வழி விட்டிருக்கிறார்கள்.

எல்லா ஆட்டமும் இப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 2007இல் வந்த ஐ வான்னா பீ த கை என்ற ஆட்டத்தில் மரத்துப் பழம் கீழே மட்டும் விழாது, மேல் நோக்கியும் ‘விழுந்து’ கொல்லும். அதை முன்கூட்டி யாராலும் ஊகிக்க முடியாது. 2017இல் வந்த கெட்டிங் ஓவர் இட்டில் பானைக்குள் இருக்கிற மனிதன் ஒரு தவறு செய்தால் மணிக்கணக்காக ஏறிய மலையெல்லாம் போய் அடிவாரத்துக்கே வந்துவிடலாம். அவற்றை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்த ஆள் இல்லை. அவை எரிச்சல் என்று அண்ணன் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவற்றைக் காட்டி மொத்த வகையையும் தள்ளிவிட முடியாது.

சூப்பர் மீட் பாயில் ஒரு கட்டத்தை முடித்ததும் ஒரு காட்சி வரும். அதுவரை நீங்கள் தோற்ற தடவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஆட்ட நாயகனான சின்னச் சிவப்புக் கட்டை அறுபது எழுபதாக ஒன்றாகக் கிளம்பும், முதல் ரம்பத்தில் இருபது போகும், இரண்டாவதில் கொத்தாகப் போகும், கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் போய்ச் சேரும். தோற்றதை ஒளிக்காமல் எடுத்து, பார் இத்தனை தடவை முயன்றாய் என்று காட்டுகிற வேறு இடம் எனக்குத் தெரியாது.

நம்மிடம் இல்லாத பழக்கமா இது? பாண்டி என்கிறோம், நொண்டி என்கிறோம், சில்லுக்கோடு என்கிறோம். ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாவ வேண்டும், கோட்டை மிதித்தால் அவுட். கோடு மாறாது, கால்தான் பழக வேண்டும். வழுக்கு மரத்தில் எண்ணெய் தடவி மேலிருந்து தண்ணீரையும் ஊற்றுவார்கள், சறுக்கி விழுந்தவன் வீட்டுக்கா போகிறான்? கையில் மண்ணை அப்பிக்கொண்டு மறுபடி வருவான், கூட்டம் அவனுக்குத்தான் அதிகம் விசில் அடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. செலஸ்டியில் மேடலினுக்குப் பதற்றம் வரும், மூச்சு முட்டும். கம்பி வண்டி பாதியில் நின்றுபோகிற இடத்தில், மனதில் ஒரு இறகை நினைத்து அதை மூச்சால் மெல்ல ஏற்றி இறக்கச் சொல்கிறான் நண்பன். பொத்தானை அழுத்தினால் இறகு ஏறும், விட்டால் இறங்கும். போன ஜூலை மழையில் சுனாபட்டிக்கும் ஜிடிபி நகருக்கும் நடுவில் ஹார்பர் லைன் ரயில் நாற்பது நிமிடம் நின்றது. நெரிசலில் என் பையைக் கூட இழுக்க முடியவில்லை, நெஞ்சு அடைத்தது. அப்போது எனக்கு அந்த இறகுதான் நினைவுக்கு வந்தது. ஏற்றினேன், இறக்கினேன். பக்கத்தில் நின்ற அக்கா “என்னம்மா, சரியாயிட்டியா?” என்று மராத்தியில் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடிந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். கடைசி மலையின் உச்சிக்கு முன்னால் 30இலிருந்து இறங்குவரிசையில் எண் போட்ட கொடிகள் வரும். நான் அதை முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது விசைப்பலகை அம்மாவின் மடியில் இருக்கிறது. விழுந்த கணக்கில் முதல் அத்தியாயத்திலேயே முந்நூறைத் தாண்டிவிட்டாள். இன்று கிளம்பும்போது கூப்பிட்டேன், “நீ போயிட்டு வா, இந்த ஒரு சுவர மட்டும் ஏறிட்டு வாரேன்” என்றாள். இன்னும் வரவில்லை. நன்றி, வணக்கம்.